மணலில் ஏற்றிப் படுக்க ஒரு பாய்ப்படகு: பிளைவுட்டில் வரைவது எப்படி?

தரையில் சாக்பீஸால் இரண்டு செவ்வகம் போடுங்கள். ஒவ்வொன்றும் 190 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், ஒட்டினாற்போல். இரண்டு பேர் அதில் படுத்துப் பாருங்கள். புரள முடிகிறதா, முழங்கை இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்திருங்கள். பகலெல்லாம் கரையோரமாகப் பாய் விரித்து ஓடி, சாயங்காலம் மணலில் ஏற்றி, அதற்குள்ளேயே கூடாரத் துணி கட்டிப் படுக்கும் படகுக்கு முதல் வரைபடம் இந்தச் செவ்வகங்கள்தான். அடுத்து வேண்டியது ஒரு எடை: இரண்டு பேர் அடியில் உருளை கொடுத்து இழுத்து மேலேற்ற முடிகிற எடை. நீளம், அகலம், பாயின் பரப்பு எல்லாம் படுக்கைக்கும் எடைக்கும் நடுவே நடக்கும் பேரத்தில் முடிவாகும்.

பெரிய படகு வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். 1957இல் இயன் புராக்டர் வரைந்த வேஃபேரர் 4.82 மீட்டர்தான், திறந்த படகு. பிராங்க் டை என்ற ஆங்கிலேயர் ஒரு துணையோடு அதில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போனார்; அடுத்த ஆண்டு நார்வேக்கும் போனார். அது துணிச்சலின் எல்லை, நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஐந்து மீட்டருக்குள் இருக்கும் படகில் ஓடவும் உறங்கவும் முடியும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணப் படகு பாக் விரிகுடாவுக்கானது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் ஆழமற்றது, கரையில் உடையும் அலை சிறியது, ஓதம் ஏறி இறங்குவதும் ஒரு மீட்டருக்குள்தான். சென்னை, கடலூர்க் கரையில் உடையும் அலைக்கு இந்தப் படகு ஆகாது. அந்த அலைக்காகவே கட்டுமரமும், கயிற்றால் தைத்த மசூலாப் படகும் உருவாயின. பருவமும் முக்கியம். வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) மாதங்களில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, கொந்தளிக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா புரளும், வடகடல் அடங்கியிருக்கும். இராமேசுவரம் மீனவர்கள் இதைப் பார்த்துத்தான் தொழிலுக்குப் பக்கம் மாறுகிறார்கள். இன்னொன்று: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வரைபடத்தில் அழகாகத் தெரிகிறதே என்று அங்கே முகாம் போடத் திட்டமிடாதீர்கள்.

நீளத்தைக் கடைக்காரர் முடிவு செய்கிறார்

பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி, அதாவது 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர். இரண்டு ஷீட்டை முனைக்கு முனை சாய்வாகச் செதுக்கி ஒட்டினால் ஏறக்குறைய 4.8 மீட்டர் கிடைக்கும். ஒட்டும் சாய்வு, பலகைத் தடிமனைப் போல எட்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும், 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. பக்கப் பலகை வளைவாக வெட்டப்படுவதால் கொஞ்சம் கழிவு போகும். மிஞ்சுவது 4.6 மீட்டர் படகு. இதற்கு மேல் 20 செ.மீ. ஆசைப்பட்டால்கூட ஒவ்வொரு பலகைக்கும் மூன்றாவது ஷீட், இன்னொரு ஒட்டு, இன்னும் எடை. ஆகவே 4.6.

பிளைவுட்டின் குணம் ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு பக்கமாகத்தான் வளையும். காகிதத்தைக் குழலாகச் சுருட்டலாம், கூம்பாகச் சுருட்டலாம், கிண்ணமாக்க முடியாது. பிளைவுட்டும் அப்படியே. கணினித் திரையில் வழவழவென்று குமிழ்ந்து நிற்கும் அணியத்தை (படகின் முன்பகுதியை) வரைந்துவிட்டுப் பலகையை அதற்கு வளைக்கப் போனால், பலகை முறியும் அல்லது தன் இஷ்டத்துக்கு வேறொரு உருவம் எடுக்கும். ஆகவே முதல் மாதிரியைத் திரையில் செய்யாமல் அட்டையில் செய்யுங்கள். 1:10 அளவில் 0.6 மி.மீ. அட்டை, 6 மி.மீ. பலகையைப் போலவே பேசும். அட்டை முரண்டுபிடிக்கிற இடத்தில் பலகையும் முரண்டுபிடிக்கும். பெரும்பாலும் அது அணியத்துக்குப் பக்கத்தில், கீழ்ப்பலகை முறுக்கிக்கொண்டு செங்குத்தாக நிமிர்கிற இடமாக இருக்கும்.

குறுக்குவெட்டு

எளிதான உருவம் தட்டையான அடி, இருபுறமும் ஒவ்வொரு பலகை. மூன்றே துண்டு. மணலில் நேராக நிற்கும், ஆழமில்லாத நீரில் மிதக்கும். கெடுதல் என்னவென்றால், எதிர்க்காற்றில் சிற்றலையில் ஓடும்போது அகலமான தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் அறைவாங்கும், வேகம் செத்துப்போகும். இரவில் நங்கூரமிட்டுப் படுத்தால் காதுக்கடியில் பளார் பளாரென்று ஒரே சத்தம். வட்டமான அடி அலைக்கு நல்லது. மணலில் சாய்ந்துகொள்ளும், படுத்தவர் உருளுவார்.

நடுவழி ஐந்து துண்டு. நடுவில் 75 செ.மீ. அகலத்தில் குறுகலான தட்டை அடி. அதன் இருபுறமும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வாக ஏறும் கீழ்ப்பலகை, 40 செ.மீ. அகலம். அதற்கு மேல் கொஞ்சம் வெளிச்சாய்வோடு நிமிரும் மேல்பலகை, அதுவும் 40 செ.மீ.க்குச் சற்று மேல். நடுவில் மொத்த உயரம் 60 செ.மீ., மேல் விளிம்பில் அகலம் 1.64 மீட்டர். மணலில் நிற்கத் தட்டை அடி போதும், அலையில் அறை வாங்க அது அகலம் பற்றாது.

75 செ.மீ.யில் இரண்டு பேர் எப்படிப் படுப்பது? அடியில் படுக்க வேண்டாம். அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் படகின் உள்ளகலம் நடுவில் 1.45 மீட்டருக்குக் குறையாது. அந்த உயரத்தில் இருபுறமும் இருக்கைகள் வரும். இருக்கைகளுக்கு இடையே இரவில் நாலைந்து பலகைகளைக் குறுக்கே அடுக்கினால் சாக்பீஸ் செவ்வகங்கள் இரண்டும் அடங்கும். கால் பக்கம் குறுகினால் பரவாயில்லை, தோளுக்குத்தான் அகலம் வேண்டும். பகலில் அதே பலகைகள் அடியில் கால்வைக்கும் தளமாகும். துளி நீர் எப்போதும் அடியில் தேங்கும், உங்கள் முதுகு அதற்கு மேலே உலர்ந்திருக்கும்.

எடைக் கணக்கு

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். காகிதத்தில் ஒவ்வொரு பொருளையும் எழுதிக் கூட்டாமல் மரம் வாங்கப் போகக்கூடாது.

நம் ஊர்க் கடையில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையோடு வரும் மரைன் பிளைவுட் பெரும்பாலும் கனமான வன்மரத்தில் ஆனது; கன மீட்டருக்கு 700 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியப் படகுக்காரர்கள் விரும்பும் ஒக்கூமே என்ற இலேசான மரத்தின் பிளைவுட் 500க்குப் பக்கம்தான், ஆனால் இங்கே விலையும் கிடைப்பதும் சிரமம். உதாரணப் படகுக்குப் பக்கங்கள், தடுப்புகள், இருக்கைகள் எல்லாம் சேர்ந்து 6 மி.மீ.யில் 13.5 சதுர மீட்டர்: 57 கிலோ. அடியும் பின்பலகையும் 9 மி.மீ.யில் 3 சதுர மீட்டர்: 19 கிலோ. விளிம்புச் சட்டங்கள் 12, எபாக்சிப் பசையும் கண்ணாடி இழைத் துணியும் 15, சென்டர்போர்டும் (படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இறக்கும் பலகை) சுக்கானும் 10, பாய்மரம், பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு), பாய், துடுப்புகள் 17. ஆக 130 கிலோ. வாங்க வேண்டியது, கழிவு சேர்த்து, 6 மி.மீ. ஏழு ஷீட், 9 மி.மீ. இரண்டு ஷீட்.

‘கடலுக்குப் போகிறோம், உறுதியாக இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் 9 மி.மீ. ஆக்கினால் 28 கிலோ கூடும். அதாவது ஒரு சிப்பம் அரிசியை ஆயுள் முழுக்கப் படகில் சுமப்பது. உறுதி அடியில்தான் தேவை, ஏனென்றால் அங்கேதான் நிற்கிறோம், அங்கேதான் கல் உரசுகிறது. பலகையின் விறைப்பு தடிமனின் முப்படியாக ஏறும்: 6 மி.மீ.யைவிட 9 மி.மீ. மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. அந்த லாபத்தை வேண்டிய இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

இனி சுமை. இரண்டு பேர் 140 கிலோ. மூன்று நாளுக்கு ஆளுக்கு தினம் நாலு லிட்டர் கணக்கில் தண்ணீர் 24. உணவும் அடுப்பும் 12, கூடாரமும் படுக்கையும் 14, நங்கூரமும் கயிறும் 8, உயிர்காப்பு உடுப்பு, விளக்கு, கருவி, துணிமணி 12. மொத்தம் 70. படகோடு கூட்டினால் 340 கிலோ.

இந்த 340 கிலோதான் படகு எவ்வளவு மூழ்கும் என்று சொல்லும். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ, ஆகவே 332 லிட்டர் நீரைப் படகு விலக்க வேண்டும். நீர்மட்டத்தில் படகின் நீளம் 4.2 மீட்டர். நடுக் குறுக்குவெட்டு அப்படியே முனைக்கு முனை நீண்டால் கிடைக்கும் கொள்ளளவில், அணியமும் பின்பக்கமும் கூம்புவதால், சுமார் 55 சதவீதம்தான் உண்மையில் இருக்கும். திருப்பிப் போட்டால், நடுவில் நீருக்கடியில் 0.144 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அடியில் 75 செ.மீ., நீர்மட்டத்தில் 125 செ.மீ., சராசரி ஒரு மீட்டர். ஆகவே மூழ்கும் ஆழம் பதினாலரை செ.மீ. முழங்காலுக்குக் கீழே உள்ள நீரில் இறங்கித் தள்ளலாம். மேலே 45 செ.மீ. விளிம்பு மிஞ்சுகிறது. அதற்குக் குறைந்தால் அலை உள்ளே வரும், ரொம்பக் கூடினால் துடுப்புப் போடும்போது காற்று படகைப் பிடித்துத் தள்ளும்.

இன்னொரு எண்ணையும் எழுதி வையுங்கள்: இந்தப் படகு ஒரு செ.மீ. கூடுதலாக மூழ்கச் சுமார் 36 கிலோ வேண்டும். ஒரு கேன் தண்ணீர் கூட எடுத்தால் அரை செ.மீ. மூன்றாவது ஆள் ஏறினால் இரண்டு செ.மீ. மிதப்பதில் ஒன்றும் குறையாது. மணலில் இழுக்கும்போதுதான் தெரியும்.

நீருக்கடியில் ஒரு பலகை

பாய்ப்படகு காற்றுக்குக் குறுக்கே ஓடும்போது பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கக் கீழே ஒரு பலகை வேண்டும், அதுதான் சென்டர்போர்டு. கட்டுமரத்தில் மரங்களின் இடுக்கில் செருகும் பலகையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பாய் 8.5 சதுர மீட்டர் என்றால் பலகை அதில் 3.5 முதல் 4 சதவீதம்: அடிக்குக் கீழே 85 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம் போதும். கரைப்படகுக்கு அது அச்சில் சுழன்று மடங்குவதாக இருக்க வேண்டும். நேராகச் செருகும் பலகை மணல் திட்டில் முட்டினால் அதன் உறையையே, அதாவது அது ஒதுங்கி நிற்கும் பெட்டியையே, பிளந்துவிடும். சுழலும் பலகை முட்டியதும் தானாகப் பின்வாங்கும்.

வழக்கமாக அதன் உறை படகின் நடுவே சுவர்போல நிற்கும். நம் செவ்வகங்களை அது சரிபாதியாக வெட்டும். அதனால் உறையை நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளி, ஒரு பக்க இருக்கையின் முகப்பாகவே ஆக்கிவிடுங்கள். ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது, படுக்கை முழுசாகக் கிடைக்கும். ஸ்காம்ப் என்ற 3.6 மீட்டர் முகாம் படகில் ஜான் வெல்ஸ்ஃபோர்டும் பலகையை ஓரத்துக்குத் தள்ளித்தான் வைத்திருக்கிறார்.

உறையில் மணலும் கூழாங்கல்லும் அடைப்பதுதான் கரைப்படகுகளின் தீராத வியாதி. காலையில் படகைத் தள்ளி இறக்கிப் பாயையும் ஏற்றிவிடுவீர்கள், பலகை மட்டும் இறங்காது, படகு பக்கவாட்டில் கரைக்கே போகும். பலகைக்கும் உறைக்கும் இருபுறமும் 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். உறையின் மேல்பக்கம் ஒரு மூடியால் திறக்கும்படி இருக்கட்டும், தட்டையான கம்பியை மேலிருந்து விட்டுக் குத்த வசதி.

பாயும் அதன் இடமும்

கயிறு கட்டி நிறுத்தாத ஒரே பாய்மரம், மேலே சாய்ந்த பருமலில் தொங்கும் ஒரே பாய். நம் மீன்பிடிப் பாய்களுக்கு இது தூரத்துச் சொந்தம். பாய்மரம் 4.5 மீட்டர், படகுக்குள்ளேயே படுத்துவிடும். இரவில் அதையே கூடாரத்தின் முதுகெலும்பாகக் கட்டலாம். சவுக்கில் செய்தால் 11 கிலோவுக்கு மேல் போகும், இலேசான ஊசியிலை மரத்தில் 6 அல்லது 7 கிலோ; உச்சியில் இருக்கும் எடை படகைச் சாய்க்கும் என்பதால் இந்த நாலு கிலோவுக்குச் செலவழிக்கலாம். பருமலுக்கு நல்ல மூங்கில் போதும். பாயைச் சுருக்க இரண்டு வரிசைக் கயிறு: முதல் சுருக்கில் 6.3, இரண்டாவதில் 4.4 சதுர மீட்டர். அலைமுகடுகளில் பரவலாக வெண்ணுரை தெரிய ஆரம்பித்தால் முதல் சுருக்குக்கு நேரமாகிவிட்டது.

பாயை எங்கே நிறுத்துவது? பாயின் மீது காற்று முழுக்க ஒரு புள்ளியில் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீருக்கடியில் பலகையும் அடியும் எதிர்த்துப் பிடிப்பதும் ஒரு புள்ளியில். இந்த இரண்டும் சேராவிட்டால் படகு திரும்பும். பாயின் புள்ளி பின்னால் போனால் அணியம் காற்றை நோக்கித் திரும்பும். முன்னால் போனால் காற்றைவிட்டு விலகும். இரண்டாவதே ஆபத்து: சுக்கானை விட்டாலும் படகு நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

புள்ளியைக் கண்டுபிடிக்கக் கணிதம் வேண்டாம். 1:10 அளவில் பாயின் வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டுங்கள். ஒரு மூலையில் குண்டூசி குத்திச் சுவரில் தொங்கவிட்டு, அதே ஊசியில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் போகும் வழியில் கோடு. வேறொரு மூலையில் குத்தி இன்னொரு கோடு. வெட்டிக்கொள்ளும் இடமே பாயின் மையம். நீருக்கடியில் உள்ள பக்கத் தோற்றத்தையும், இறக்கிய பலகையோடு சேர்த்து, இதே மாதிரி வெட்டித் தொங்கவிடுங்கள். பாயின் மையம் கீழ்மையத்துக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும்படி பாய்மரத்துக்கு இடம் குறியுங்கள். அது நீர்மட்ட நீளத்தில் ஏறக்குறைய 5 சதவீதம். படகு சாயும்போது பாயின் தள்ளல் வெளியே போய் அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பும், அந்த ஒரு சாண் அதற்கு ஈடு. முடிவில் சுக்கான் பிடி விரலை மெல்ல இழுத்தால் சரி. கை வலிக்க இழுத்தால் பலகையைக் கால்வாசி மேலே தூக்குங்கள், கீழ்மையம் பின்னால் நகர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் பருமலைத் தூக்கும் கயிற்றைப் பருமலில் பத்து செ.மீ. பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள், பாய் முழுவதும் முன்னால் போகும். பாய்மரத்தைப் பிடுங்கி நட வேண்டியதில்லை.

இந்த நீளத்தில் வேகம் ஐந்து நாட் (knot), அதாவது மணிக்கு ஒன்பது கி.மீ. சொச்சம், அதற்கு மேல் எளிதில் போகாது. நாள் கணக்குக்கு மூன்று நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் 30 கி.மீ. சொச்சம், ஆறு மணி நேரம்.

கட்டுவது பற்றிச் சுருக்கமாக

பலகைகளை விளிம்போடு விளிம்பாகச் செம்புக் கம்பியால் தைத்து, உள்ளே எபாக்சிப் பசை வரப்பு இட்டு, மேலே கண்ணாடி நாடா ஒட்டும் முறையே இதற்கு ஏற்றது. 1963இல் இங்கிலாந்தில் அறிமுகமான மிரர் என்ற 3.3 மீட்டர் படகு இப்படிக் கம்பியால் தைத்து நாடா ஒட்டும் முறையில் வீட்டுக் கொல்லைகளில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் வள்ளங்களுக்கும் இதே முறை வந்தது. மசூலாவைக் கயிற்றால் தைத்த கடற்கரைக்கு இது அப்படியொன்றும் அந்நியமில்லை.

பிளைவுட்டை முத்திரையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஐ.எஸ். 710 சோதனை 72 மணி நேரக் கொதிநீர். வீட்டில் ஒரு துண்டை நாலு மணி நேரம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி கொதிக்கவிட்டு உளியால் பெயர்த்துப் பாருங்கள். மரம் கிழிந்து வந்தால் நல்லது, ஏடு ஏடாகக் கழன்றால் அது சமையலறை அலமாரிக்கு. வெட்டிய விளிம்பில் உள்ளேட்டுக்கு நடுவே பொந்து தெரிந்தாலும் வேண்டாம். வளைக்கும்போது அங்கே முறியும், பிறகு அங்கேதான் அழுகல் தொடங்கும்.

கம்பித் துளை 15 செ.மீ.க்கு ஒன்று, விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே. வரப்புக்கான பசை இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். நம் வெயிலில் எபாக்சி டப்பாவிலேயே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றுங்கள். மலிவு என்று பாலியெஸ்டர் ரெசினுக்குப் போக வேண்டாம். மரத்தில் அது நெடுநாள் ஒட்டாது, நீர் உள்ளே புகுந்ததும் தோல் உரிவதுபோல் உரியும். அடியில் நீளவாக்கில் இரண்டு வன்மரச் சறுக்குக் கட்டைகள் வையுங்கள். மணல் அவற்றைத் தேய்க்கட்டும், மூன்று வருடத்துக்கொருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

கவிழ்ந்தால்

கவிழாத சிறு படகு இல்லை. கவிழ்ந்து நிமிர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் வரையும்போது யோசிக்க வேண்டும். அணியத்தில் 150 லிட்டர், பின்னால் 100, இருக்கைகளுக்கடியில் பக்கத்துக்கு 50 என்று மூடிய காற்றறைகள் 350 லிட்டர் இருந்தால், நீர் நிறைந்தாலும் விளிம்பு மேலே நிற்கும். இன்னும் கூட்டினால் இன்னும் பத்திரம் என்று தோன்றும். ஆனால் பக்க அறைகள் அதிகமானால் கவிழ்ந்த படகு உயர மிதந்து, நிமிர்த்தப் பிடிக்க வேண்டிய சென்டர்போர்டு கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கும், காற்று பிடித்துத் தலைகீழாகவும் ஆக்கும். அறை மூடிகளைக் கரையில் திறந்தே வையுங்கள், மூடியிருந்தால் வெயிலில் காற்று விரிந்து பசை ஒட்டுகளைத் தெறிக்கச் செய்யும்.

சென்டர்போர்டு உறையின் மேல் விளிம்பு, படகு நிறைந்து மிதக்கும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு இறைத்தாலும் அந்தப் பிளவு வழியாக அவ்வளவும் உள்ளே வந்துகொண்டேயிருக்கும். காகிதத்தில் இதைச் சரியாகக் கணிப்பது கடினம். ஆகவே முதல் முகாமுக்கு முன், காற்றில்லாத ஒரு காலையில் இடுப்பளவு நீரில் படகை நிறுத்தி, சுமைக்கு ஈடாகத் தண்ணீர்க் கேன்களைக் கட்டிவைத்து, வேண்டுமென்றே கவிழுங்கள். நிமிர்த்தி, ஒருவர் ஏறி வாளியால் இறைக்கட்டும், மற்றவர் உறையைப் பார்க்கட்டும். நூறு வாளிக்குப் பிறகும் மட்டம் இறங்கவில்லை என்றால் உறையை 5 செ.மீ. உயர்த்திவிட்டு மறுவாரம் மறுபடி கவிழுங்கள்.